அன்றன்றைய மன்னா: வீட்டுவேலையை முகம் சுளிக்காமல் செய்யப் பழகுகிறவர்களுக்கு

கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் வந்தவர்கள், திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வீடு எடுத்தவர்கள், அம்மா படுக்கையில் விழுந்ததால் அடுக்களைப் பொறுப்பு திடீரென்று தலையில் வந்தவர்கள். இந்த மூன்று கூட்டத்தாரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குமரி மாவட்டத்துக் குழித்துறையிலிருந்து களியக்காவிளை தாண்டி பாறசாலை வரைக்கும் எங்கள் பக்கத்துச் சபைகளில் இப்படிப்பட்ட இளையவர்கள் நிறையப் பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடிய அதே பிள்ளைகள், திங்கட்கிழமை காலை தொட்டியில் கிடக்கும் பாத்திரத்தைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். "எதையும் சந்தோஷமாகச் செய்" என்று புத்தி சொன்னால் மட்டும் சந்தோஷம் வந்துவிடாது. வேலையை எப்படிப் பிரிப்பது, எங்கே நிறுத்துவது, கை வேலை செய்யும்போது மனதை எங்கே வைப்பது என்பதையெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிடுகிறேன். "சுத்தம் பக்திக்கு அடுத்தபடி" என்று வேதத்தில் ஒரு வசனம் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்று இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்திய ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில் அதை எடுத்துச் சொன்னார். அதன்பிறகு அது ஊரெல்லாம் பரவி வசனம் போல ஆகிவிட்டது. ஆகவே ஜன்னல் கம்பியில் தூசி இருந்தால் உங்கள் பக்தியில் குறை இருக்கிறது என்று யாராவது ஜாடை பேசினால், சிரித்துக்கொண்டே ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முடித்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் வீட்டுவேலையை முடித்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இங்கேதான் கணக்குத் தப்புகிறது. ஆபீஸில் ஒரு ஃபைல் முடியும், வயலில் ஒரு அறுவடை முடியும். வீட்டில் தூத்துவாரிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பலா மரம் இன்னும் நாலு இலையைப் போட்டிருக்கும். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் இலை உதிர்க்கிற டிசம்பர், ஜனவரியில் அருமனை, குலசேகரம் பக்கம் போய்ப் பாருங்கள். முற்றத்தை விடிகாலையில் பெருக்கிய வீட்டில் எட்டு மணிக்கு மறுபடியும் சருகுதான்.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை வீட்டுவேலைக்கான அதிகாரமாக வாசித்துப் பாருங்கள். எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா என்கிற உணவு வானத்திலிருந்து விழுகிறது. "ஒவ்வொரு நாளுக்கும் வேண்டியதை ஒவ்வொரு நாளிலும்" சேர்க்க வேண்டும் என்பது கட்டளை. தலைக்கு ஒரு ஓமர் அளவு. நாளைக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சாமர்த்தியம் பண்ணியவர்களுடையது புழுபிடித்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர், அது கெடவில்லை. ஏழாம் நாளில் வெளியே போய்த் தேடினவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுவேலையும் இப்படித்தான். அன்றன்றைக்கு ஒரு அளவு உண்டு. அந்த அளவைச் செய்தால் அன்றைய வேலை ஆயிற்று. வீடு முழுக்கப் பளபளக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். ஒரே நாளில் பரண் முதல் கழிவறை வரை தேய்த்துவிட்டு, அடுத்த ஐந்து நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவர்களை எனக்குத் தெரியும். மன்னாவை மூட்டை கட்டியவர்கள் கதைதான். எரிச்சல் முக்கால்வாசி அளவில்லாமல் செய்வதால் வருகிறது என்பது என் எண்ணம். ஆவிக்குரிய காரணம் தேடுவதற்கு முன்னால் அளவைச் சரிபார்ப்பது நல்லது.

உங்கள் வீட்டின் ஓமர் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டில் நாளைக்குத் தள்ளினால் கெட்டுப்போகிற வேலைகளை மட்டும் எழுதுங்கள். நம்முடைய ஈரக் காற்றில் அவை நாலைந்துதான் தேறும். எச்சில் பாத்திரம், மீன் செதிலும் மரச்சீனித் (மரவள்ளி) தோலும் கிடக்கிற குப்பைக் கூடை, ஈரத்துணி, முற்றத்தில் ஆள் நடக்கிற இடம், அடுப்பு மேடை. இவைதான் அன்றாட ஓமர். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் ஆனால், நிறையச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

மீதியெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை, மாதத்துக்கு ஒரு தடவை. தரை துடைப்பது, கழிவறை தேய்ப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது வாரக் கணக்கு. ஒட்டடை, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கிற மர்மமான டப்பாக்கள் மாதக் கணக்கு. திரைச்சீலை கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தடவை, ஈஸ்டருக்கு முன்னால் ஒரு தடவை துவைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அன்றாட ஓமரை இரவிலேயே முடித்துவிடுங்கள். வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கட்டன் காப்பி போடுகிற காலைக்கும், நேற்றைய குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு போடுகிற காலைக்கும் நிறைய வித்தியாசம். காலை ஜெபத்தில் மனம் நிற்பதற்குக்கூட இது உதவும்.

கைக்கு வேலை, வாய்க்கு ஒரு வசனம்

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போரில் காயம்பட்டுக் கால் ஊனமானவர். படிப்பில்லாததால் மடத்தில் அவருக்குச் சமையல்கட்டு வேலை கொடுத்தார்கள். அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையிலேயே வருஷக்கணக்காக நின்று, இரைச்சலும் கூப்பாடுமாக இருக்கிற அடுக்களையிலும் நற்கருணை முன் முழங்கால்படியிட்டிருக்கிற அதே அமைதியோடு கடவுளோடு பேச முடிகிறது என்று சொன்னார். 1691-இல் இறந்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் ஸ்பெயினில் அவிலா தெரேசா என்கிற துறவி தன் மடத்துச் சகோதரிகளுக்கு எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: கீழ்ப்படிதல் உங்களை அடுக்களைக்கு அனுப்பினால், சட்டிபானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார்.

இதைப் படித்துவிட்டு உடனே பாத்திரம் கழுவும்போது பரவசம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். லாரன்ஸுக்கே பழக்கத்தில்தான் வந்தது. தொடங்குவதற்குச் சின்ன வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வேலையோடும் ஒரு வசனத்தையோ ஒரு ஆளையோ கட்டிவிடுவதுதான் அது.

பெருக்கும்போது லூக்கா 15. காணாமல்போன வெள்ளிக்காசைத் தேடுகிற பெண் "விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி" தேடுகிறாள். இயேசு கடவுளின் தேடலைச் சொல்வதற்கு வாரியல் பிடித்த ஒரு பெண்ணை நிறுத்துகிறார். இதைப் பிரசங்கத்தில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? ஆட்டைத் தேடுகிற மேய்ப்பனுக்குக் கோயில் சுவரில் படம் உண்டு, காசைத் தேடுகிற பெண்ணுக்கு இல்லை. போகட்டும். கட்டிலுக்கு அடியில் வாரியலை விடும்போது, சபைக்கு வராமல் நின்றுபோன யாராவது ஒருவர் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

துணி அலசும்போது 51-ஆம் சங்கீதம். "என்னைக் கழுவியருளும், அப்பொழுது நான் உறைந்த மழையிலும் வெண்மையாவேன்" என்று தாவீது அழுதது, துணி வெளுக்கிறதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். காய்ந்த துணியை மடிக்கும்போது, அது யாருடைய சட்டையோ அவருக்காக ஒரு வரி. பள்ளிக்கூடச் சட்டையின் பையிலிருந்து உடைந்த பென்சில் முனையும் புளியங்கொட்டையும் விழும். அந்தப் பிள்ளைக்காக என்ன கேட்க வேண்டும் என்று அதற்குமேல் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மிச்சம் மீதியை எடுத்து வைக்கும்போது யோவான் 6. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு "ஒன்றும் சேதமாய்ப்போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று சொல்கிறார். அப்பத்தைப் பெருகச் செய்ய முடிந்தவர் மிச்சத்தை எண்ணிச் சேர்த்து வைக்கச் சொல்கிறார் பாருங்கள், அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழையசோற்றில் தண்ணீர் ஊற்றி மூடும்போது நினைத்துக்கொள்ளலாம்.

எல்லா வேலைக்கும் வசனம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். சில நேரம் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தால் போதும். சில நேரம் சும்மா தேய்த்தால் போதும். சமையல்கட்டுச் சுவர் முழுக்க வசன அட்டை ஒட்டி வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அதையும் துடைக்க வேண்டிவரும்.

ஒரு மீன்சட்டியைக் கழுவிப் பழகுங்கள்

ஒரே ஒரு வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது என்று தொடங்கினால், மண் மீன்சட்டியைச் சொல்வேன். எங்கள் ஊரில் புளிமுளம் என்கிற மீன்குழம்பு வைக்காத கிறிஸ்தவ வீடு குறைவு. சட்டி நன்றாக இருந்தால் குழம்பு நன்றாக இருக்கும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரத்திலேயே உடைப்பதும் இதைத்தான்.

புதுச்சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். இதைத் தள்ளிவிட்டு நேராக மீன் வைத்தால் மண்வாசனை அடிக்கும், சில சட்டி விரிசலும் விடும். பழகிய சட்டிக்கு நெருப்பிலிருந்து இறக்கியதும் பச்சைத் தண்ணீர் காட்டக் கூடாது. மருமகள் அவசரத்தில் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, "ஆறட்டு மக்களே" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "சரி மாமி" என்று சொல்லித் திண்ணையில் வைத்துவிடுங்கள். அது அதிகாரம் பண்ணுவதல்ல, சட்டியைப் பற்றிய அறிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கூட்டுக் குடும்பத்தில் பாதிச் சண்டை குறையும்.

ஆறிய சட்டிக்கு வெந்நீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். சோப்பு வேண்டாம், மண்சட்டி அதைக் குடித்துக்கொண்டு அடுத்த குழம்பில் கக்கும். ஒரு கைப்பிடி சலித்த சாம்பல், இல்லையென்றால் அரிசித் தவிடு, தேய்க்கத் தேங்காய்நார். விளிம்பிலிருந்து தொடங்கி அடிப்பக்கம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். உட்புறத்தில் ஓடியிருக்கிற மஞ்சள் கோடு போகாது, போக வேண்டியதும் இல்லை. கவிச்சை அடித்தால் பிழிந்தெடுத்த புளிச்சக்கையால் ஒரு தேய்ப்பு. கைக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம். கழுவியதும் கவிழ்த்து வைக்காமல், சாய்த்து வெயில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் மறுநாளே பூசணம் பிடிக்கும்.

இதில் எங்கே வந்தது கிறிஸ்தவம் என்று கேட்கலாம். யோவான் 21-ஐ எடுங்கள். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு கரிநெருப்புப் போட்டு, மீன் வைத்து, அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். இரவு முழுக்க வலைவீசிக் களைத்து வந்தவர்களுக்காகச் செய்தது. குறும்பனையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் விடியற்காலையில் கரையேறுகிறவர்களை வீட்டில் இப்படித்தான் கவனிக்கிறார்கள். யாருக்காவது வயிறு நிறைய வேண்டும் என்று அடுப்பு மூட்டுகிற வேலையை அவரே செய்திருக்கிறார் என்றால், அதன்பிறகு வருகிற சட்டி கழுவும் வேலையில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சக்கை (பலாப்பழ) காலத்துக்கு ஒரு குறிப்பு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்தியிலும் கையிலும் வெட்டுவதற்கு முன்னாலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பிசின் ஒட்டிய பிறகு சோப்புப் போட்டால் நாள் முழுக்கத் தேய்க்க வேண்டியதுதான். எண்ணெய் போட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியவை

ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் என்று இரண்டு மழையும் வாங்குகிற நாடு இது. எந்த வசனத்தாலும் பாசி போகாது. குளியலறைக்குப் போகிற பாதையிலும் கிணற்றடியிலும் பாசி கண்டால் அன்றைக்கே பிளீச்சிங் பவுடர் தூவி, கொஞ்ச நேரம் விட்டு, ஈர்க்கு வாரியலால் அழுத்தித் தேய்த்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் கிணற்றுக்குள் ஓடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது அன்றாட ஓமரில் சேரும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாட மாதங்கள் ஆகும்.

பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவுகிற ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன குளியலறைக்குள் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். ஒன்றைப் போட்டு முழுக்கக் கழுவிவிட்ட பிறகும் அன்றைக்கு மற்றொன்றைத் தொடாமல் இருப்பது உத்தமம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பழைய வீட்டின் காவித் தரைக்கு இந்த இரண்டுமே ஆகாது. வெறும் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணி போதும்.

வாரத்தில் ஒரு நாள் வீட்டைச் சுற்றி ஒரு நடை. சிரட்டை, ரப்பர் பால் எடுக்கிற கிண்ணம், பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கிற தட்டு, மூடாத வாளி. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரக் கணக்கு. தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும். முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருக்க நீங்கள் கவிழ்க்கிற சிரட்டை, பிறனை நேசிப்பதன் கணக்கில் தாராளமாகச் சேரும்.

மார்த்தாள் வரும் நேரம்

எவ்வளவு ஒழுங்கு பண்ணினாலும் ஒரு நாள் கோபம் வரும். நீங்கள் முதுகு வலிக்கத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள், மற்றவர்கள் சோபாவில் கால் நீட்டி மொபைல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லூக்கா 10-இல் இயேசு வீட்டுக்கு வந்திருக்கிறார், சகோதரி மரியாள் அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாள், வேலையெல்லாம் தனியாகச் செய்த மார்த்தாளுக்கு வந்தது இந்தக் கோபம்தான். அவளை நம் பிரசங்கிகள் கொஞ்சம் அநியாயமாக நடத்துகிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவள் சமைக்காவிட்டால் அன்றைக்கு எல்லோரும் பட்டினி. இயேசு அவளிடம் சொன்னதைக் கவனியுங்கள்: "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்." வேலை செய்கிறாய் என்று கண்டிக்கவில்லை. கலங்குகிறாய் என்கிறார். அநேக காரியம் என்கிறார், அதாவது ஓமருக்கு மேலே.

கதை அங்கே முடியவும் இல்லை. யோவான் 12-இல் பெத்தானியாவில் இரவு விருந்து. மரியாள் தைலம் ஊற்றுகிறாள், லாசரு பந்தியில் இருக்கிறான். "மார்த்தாள் பணிவிடை செய்தாள்" என்று ஒரே வரி. மறுபடியும் அதே வேலை, அதே வீட்டார். இந்தத் தடவை முறையீடு இல்லை. நடுவில் என்ன நடந்தது? அவள் சகோதரன் லாசரு கல்லறையிலிருந்து திரும்பி வந்திருந்தான். யாருக்குப் பரிமாறுகிறோம் என்பதை அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே கோபம் வந்தால் செய்ய வேண்டியது: வாரியலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்காருங்கள். இது நிஜமாகவே இன்றைக்கு வேண்டிய வேலையா, நாளைக்குத் தள்ளலாமா என்று பாருங்கள். தள்ளலாமென்றால் தள்ளுங்கள். தள்ள முடியாதென்றால் வாய்திறந்து உதவி கேளுங்கள். மார்த்தாள் இயேசுவிடம் போய் மரியாளைப் பற்றிப் புகார் சொன்னாளே தவிர, மரியாளிடம் நேராகக் கேட்டதாக எழுதியில்லை. "ஏங்க, நான் துடைச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தத் துணியை மடிச்சு வைக்கறீங்களா?" என்று கேட்பது, பாத்திரத்தை ஓசைப்படுத்தி உணர்த்துவதைவிட எவ்வளவோ மேல்.

ஆண்களுக்கு

இந்த இடத்தில் நின்று படியுங்கள், தாண்டிப் போக வேண்டாம்.

சபை அசனத்தில், அதாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற சபை விருந்தில், பார்த்திருப்பீர்கள். பெரிய வார்ப்பில் சோறு வடிப்பதும், குழம்பு கிண்டுவதும், முடிந்த பிறகு உள்ளே இறங்காத குறையாகக் குனிந்து வார்ப்பைத் தேய்ப்பதும் பெரும்பாலும் ஆண்கள்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேலியும் கிண்டலுமாக, என்ன உற்சாகம்! அதே ஆள் வீட்டுக்கு வந்தால் தான் குடித்த தம்ளரைக்கூட நகர்த்த மாட்டார். ஊழியம் என்றால் கௌரவம், வீட்டுவேலை என்றால் அது வேறொருவர் கடமை. இந்தப் பிரிவினைக்கு வேதத்தில் ஆதாரம் தேடினால் யோவான் 13-இல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கால் கழுவுகிற ஆண்டவர்தான் எதிரே நிற்பார்.

மார்ட்டின் லூதர் 1522-இல் திருமணத்தைப் பற்றி எழுதும்போது, குழந்தையின் துணியைத் துவைக்கிற தகப்பனைப் பார்த்து ஊர் சிரித்தாலும், விசுவாசத்தோடு அவன் அதைச் செய்தால் கடவுளும் தூதர்களும் புன்னகை செய்கிறார்கள் என்றார். 500 வருஷத்துக்கு முன்னால் சொன்னது.

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயர் 3-இல் இருக்கிற வசனத்தை மருமகளுக்கு மட்டும் மனப்பாடமாகக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. பவுல் அதை எழுதியது வேலைக்காரருக்கு. கையோடு அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் எஜமான்களைப் பிடித்து, நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறார். ஒன்றை மட்டும் கிழித்தெடுத்து அடுக்களையில் மாட்டினால் அது வசனத்துக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல. நீதிமொழிகள் 31-இன் குணசாலியான ஸ்திரீயையும் பெண்கள் கூட்டத்தில் அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். அவள் இருட்டோடே எழுந்தாள் என்பதை அழுத்திச் சொல்கிறவர்கள், தன் வேலைக்காரிகளுக்குப் படியளந்தாள் என்ற அதே வசனத்தின் மீதிப் பாதியை மெதுவாகத்தான் வாசிக்கிறார்கள்.

நடைமுறையில், "உதவி" செய்கிறேன் என்று வராமல் இரண்டு மூன்று வேலைகளை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். கழிவறை உங்களுடையது என்றால், ஆசிட் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது முதல் பிரஷ்ஷைக் காயவைப்பது வரை உங்களுடையது. கேட்டால்தான் செய்வேன் என்றால் கேட்கிற வேலை இன்னொருவர் தலையில் கூடுகிறது. வாடகை வீட்டில் சேர்ந்திருக்கிற பையன்களும் இப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். முறை போட்டு ஆளுக்கு ஒரு நாள் எல்லாம் செய்வது என்றால் மூன்றாம் வாரத்தில் சண்டை வரும். ஆளுக்கு ஒரு இடம் என்றால் தாக்குப்பிடிக்கும்.

சனிக்கிழமை இரண்டு ஓமர்

ஞாயிறு ஓய்வுநாள் என்று சொல்லிக்கொண்டு, ஆராதனை முடிந்து வந்து மூன்று மணிவரை அடுக்களையில் நிற்கிற பெண்கள்தான் அதிகம். ஞாயிறு என்றால் இறைச்சி, கூடவே விருந்தாளி. இதைச் சரிக்கட்ட மன்னாக் கணக்கு சுலபமாக உதவும். சனிக்கிழமை மாலையில் தேங்காய் துருவி, மசாலா அரைத்து, உடுப்பு தேய்த்து, வேதாகமமும் பாமாலையும் காணிக்கை உறையும் வாசல் மேசையில் வைத்துவிடுங்கள். புளிமுளத்தைச் சனிக்கிழமையே வைத்தால் ஞாயிற்றுக்கிழமை இன்னும் ருசி. அது ஓய்வுநாளுக்கென்றே அமைந்த குழம்பு. ஞாயிறு மத்தியானம் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு எல்லோரும் படுத்துத் தூங்குங்கள். மாலையில் சாப்பிட்டவர்கள் அத்தனைபேரும் சேர்ந்து நின்றால் பத்து நிமிஷ வேலை.

சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்தால் என்ன செய்வது என்று பயப்படாதீர்கள். நாற்காலியில் கிடக்கிற துணியை ஒரு கையால் அள்ளி உள்ளே போட்டுவிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுங்கள். "வீடு கிடக்கிற கிடையைப் பாருங்க" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால் வந்தவர்தான் சங்கடப்படுவார். உள்ளே அழுக்கை விட்டுவிட்டுப் பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்குகிறவர்களைப் பற்றி மத்தேயு 23-இல் ஆண்டவர் சொன்னது நினைவிருந்தால் போதும்.

வேலைக்கு ஆள் வைத்திருந்தால்

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் இப்போது பெருக்கித் துடைக்க ஒரு அக்கா வருவது சகஜம். அதில் குற்றவுணர்ச்சி தேவையில்லை. ஆனால் உங்கள் வீட்டுச் சந்தோஷம் அவர் முதுகில் ஏறி வரக் கூடாது. மீன்சட்டியைக் காய்ந்து கெட்டியாகும்வரை அவருக்காகப் போட்டு வைக்காதீர்கள். சாப்பிட்டதும் தண்ணீராவது ஊற்றி வையுங்கள். அவர் எந்தச் சபை, எந்த மதம் என்று பார்க்காமல் வீட்டில் எல்லோரும் குடிக்கிற தம்ளரிலேயே காப்பி கொடுங்கள். ஓய்வுநாள் கட்டளையில் "உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்" என்று தனியாகவே எழுதியிருக்கிறது, ஆகவே வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. அவர் வீட்டுத் திருவிழாவுக்கும் கோயில் கொடைக்கும் அப்படியே. கூலியைப் பொழுதுபோகும் முன்னே கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. மாதச் சம்பளமென்றால் முதல் தேதி மாலைக்குள் அவர் கையில் இருக்கட்டும். கூகுள் பேயில் அனுப்புவதாக இருந்தால், அந்தக் கணக்கு அவருடையதா, அவர் வீட்டுக்காரருடையதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.